ததேயுஸ் மீசையும் கடலில் கிடந்த பந்தும்

உண்மை, உண்மை, முழுக்க முழுக்க உண்மை! கோயில் கொடிமரத்தைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன், கொடிமரம் போதாது என்றால் மணிக்கூண்டில் ஏறி நின்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்துவேன். இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் பல்செட்டைக் காக்கை கொத்திக்கொண்டு போகட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பந்து கடலில் கிடந்தது, ததேயுஸ் கரையில் நின்றார். பந்து கரைக்கு வந்து சேர்வதற்குள் அவர் மண்டைக்குள் என்னென்ன ஓடியது என்பதை, உள்ளே முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தவன்போல என்னால் சொல்ல முடியும். எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள்.

பந்து மேலே வந்தது, கீழே போனது. வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று ததேயுஸ் நினைத்தார், நினைக்கும்போதே அலை அதைத் தூக்கி முன்னால் தள்ளிவிட்டு, அடுப்பில் எதையோ மறந்துவிட்டு வந்தவள்போலத் திரும்ப இழுத்துக்கொண்டு போனது. கை மீசைக்குப் போனது. வலது நுனியில் ஒரு முறுக்கு. இருக்கிறது, இன்னும் இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் இருக்குமா என்பது அந்தப் பந்துக்குத்தான் தெரியும். ஒன்றுக்கு ஒன்று, சமனில் நின்றால் போன வருடம் ஜெயித்த மேலத்துறைக்கே வெற்றி, ஆட்டம் முடிகிற நேரம், ததேயுஸ் பயிற்சி கொடுக்கிற இரட்டைப்பாறைப் பிள்ளைகளுக்குப் பெனால்ட்டி. அந்த ஆத்திரத்தில் மேலத்துறைக்காரி ஒருத்தி பந்தை ஓங்கி ஓர் உதை விட்டாள், அது வள்ளங்களையும் காயப்போட்ட வலைகளையும் தாண்டிப் போய்க் கடலில் விழுந்தது. நல்ல கால். அந்தக் கால் மட்டும் என்னிடம் படித்திருந்தால் என்று ஒரு கணம் ஆசைப்பட்டு, சீ, எதிராளி கால் அல்லவா என்று தன்னையே வைதுகொண்டார். வேறு பந்தை எடுத்து ஆடினால் என்ன என்று டவுனிலிருந்து வந்திருந்த நடுவர், பாவம், விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார். இரண்டு ஊரும் ஒற்றுமையாகச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். திருவிழாப் போட்டி என்றால் பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்த பந்து ஒன்றே ஒன்றுதான், அதில் தொடங்கியது அதில்தான் முடிய வேண்டும். நீந்திப் போய் எடுக்கவும் கூடாது. முன்பு ஒருவன் நீந்திப் போய் எடுத்து வந்தான், வருகிற வழியில் மீன்முள்ளால் குத்திக் காற்றைக் குறைத்துவிட்டான் என்று ஓர் ஊர் சொன்னது, மற்ற ஊர் இல்லை என்றது, அதோடு இரண்டு ஊருக்கும் நடுவே கொஞ்ச காலம் பெண் கொடுக்கல் வாங்கலே நின்றுபோனது. அன்றைக்குப் போட்ட சட்டம், கடலில் விழுந்த பந்தைக் கடல்தான் கொண்டுவந்து தர வேண்டும், இரண்டு ஊர்க் கையும் அதில் படக் கூடாது. மூன்றாம் ஊர் வள்ளம் ஏதாவது வந்தால் எடுத்துத் தரலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எந்த ஊர் வள்ளம் கடலுக்குப் போகும்? கடல் துடைத்துவைத்த மாதிரிக் கிடந்தது. பந்து மட்டும். மேலே வந்தது, கீழே போனது. கை மீசைக்குப் போனது.

சாயாக்கடையில் அன்றைக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மேலத்துறைப் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற யூஜின் வேறு யாருமில்லை, ததேயுஸின் பெண்டாட்டி புளோராவின் கூடப்பிறந்த அண்ணன், இவருக்கு மச்சான், சென்னையில் வங்கி அணியில் ஒரே அறையில் படுத்து எழுந்தவன், இவர் முன்னால் நின்று கோல் போட்டார், அவன் பின்னால் நின்று கோல் காத்தான். "மாப்ள, தோத்தா மீசைய எடுத்திரணும், கிரவுண்டு நடுவுல, நாற்காலி போட்டு." "நீ தோத்தா மச்சான்?" "நான் மீசை வளக்கேன்." கடையே சிரித்தது. யூஜினின் மேலுதடு உரித்த இறால் மாதிரி, பிறந்தநாள் தொட்டு அங்கே ஒன்றும் முளைத்ததாகச் சரித்திரம் இல்லை. அந்தச் சிரிப்பில்தான் ததேயுஸ் சரி என்று தலையாட்டிவிட்டார், ரோசத்தில், சாயா சூட்டில். இப்போது பாருங்கள், கோட்டுக்கு வெளியே சலூன் ராசப்பன் நாற்காலியோடு வந்து உட்கார்ந்திருக்கிறான், யூஜின் வரச்சொன்னானாம், முன்கூட்டியே. கத்தியை வார்ப்பட்டையில் தீட்டுகிறான். சர்ர், சர்ர். அலைச் சத்தத்துக்கும் அதற்கும் என்ன ஒரு தாளம். சர்ர் என்றால் பந்து உள்ளே போகிறது, சர்ர் என்றால் வெளியே வருகிறது. ராசப்பா, உனக்கு வேறு வேலையே இல்லையா. மீசை என்ன, திரும்ப முளைக்காதா? முளைக்கும். ஆனால் இது முளைத்த மீசை இல்லையே, ஆடி ஆடி வந்த மீசை. கண்ணூரில் ஒரு மழை ஆட்டம், இவர் உதைத்த உதையில் பந்து காற்றிலேயே வெடித்தது, உள்ளேயிருந்த ரப்பர் பை மட்டும் கோலுக்குள் போனது, மேல்தோல் கம்பத்தில் பட்டு வெளியே விழுந்தது. நடுவர் வெகுநேரம் மழையில் நின்று யோசித்து அரை கோல் கொடுத்தார். ஒன்றரைக்கு ஒன்று என்று ஜெயித்த அணி உலகத்தில் வேறு எது? பத்திரிகைக்காரன் அச்சுப்பிழை என்று நினைத்து இரண்டு என்று திருத்திவிட்டான், அந்த வருத்தம் இன்றைக்கும் இருக்கிறது. அந்த அரை கோலுக்கும் மீசையைத்தானே முதலில் முறுக்கினேன். தும்மிக்கொண்டே தலையால் முட்டிப் போட்ட கோல், செருப்பு அறுந்த மாதிரி பூட்ஸ் வாய் பிளந்து, பந்தும் பூட்ஸும் சேர்ந்து உள்ளே போய், எது பந்து என்று கோல்கீப்பருக்குத் தெரியாமல் பூட்ஸைப் பாய்ந்து பிடித்த கோல். கோல்களைப் பற்றிக் கேளுங்கள், வாய் ஓயாது. பெனால்ட்டியைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். ஏன் கேட்கக் கூடாது? காக்கை. கல்கத்தாவில் இறுதியாட்டம், கடைசி நேரம், பெனால்ட்டி, மைதானமே மூச்சை நிறுத்தியது, மீசையை முறுக்கினார், உதைத்தார், குறுக்கே ஒரு காக்கை. அவ்வளவுதான். காக்கையின் மேல் பட்டுத் திசை மாறிப் போய்விட்டது. காக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை, ததேயுஸுக்குத்தான் ஆனது. காக்கைதான் காரணம். ஆனால், இந்த இடத்தில்தான் எப்போதும் எதுவோ நெருடும், பல்லில் சிக்கிய நெத்திலி முள் மாதிரி. காக்கை வராவிட்டாலும் அந்தக் கோல்கீப்பர் அந்தப் பக்கம்தானே பாய்ந்து கிடந்தான்? உதைப்பதற்கு முன்னாலேயே பாய்ந்துவிட்டானே, எப்படி? விடு, காக்கைதான். பெங்களூரில் விட்ட பெனால்ட்டிக்குக் காக்கை இல்லை. அங்கே முட்டி வலி. ஆமாம், முட்டி. அந்தக் கோல்கீப்பர் ஏன் சிரித்தான்?

"கோச் மாமா." ஷெர்லின். அணியின் தலைவி, நெட்டை, பெனால்ட்டி என்றால் எப்போதும் அவள்தான். "நான்தான அடிக்கேன்?"

"பின்ன? வேற யாரு இருக்கா மக்ளே."

"பந்து எப்ப வரும்?"

"கடல்ட்ட கேளு."

அவள் கடலைப் பார்த்து, சும்மா நிற்க மாட்டாமல், இல்லாத பந்துக்கு முன்னால் இரண்டடி பின்வாங்கி ஒத்திகை பார்த்தாள். வலது கை மேலே போனது. உதட்டுக்குப் பக்கத்தில், காற்றில், இரண்டு விரலால் ஒரு முறுக்கு. வலது காலால் வலது மூலைக்கு ஓர் உதை. ததேயுஸ் இதை எத்தனை தடவை பார்த்திருப்பார்! பார்த்து எத்தனை தடவை மனசுக்குள் பூரித்திருப்பார்! இந்தப் பிள்ளைகள் வரிசையாக இவருக்குப் பின்னால் நின்று பார்த்துப் படித்தவர்கள், ஓட்டத்தோடு, உதையோடு, இல்லாத மீசையையும் சேர்த்துப் படித்துவிட்டார்கள். ஊரே வந்து வேடிக்கை பார்க்கும், பாவாடை கட்டி வளர்ந்த பிள்ளைகள் மீசை முறுக்குகிற அழகை. இன்றைக்குப் பூரிப்பு பாதி வழியில் நின்றது. எதிர்ப்பக்கம் யூஜின் தன் கோல்கீப்பர்ப் பெண்ணின் தோளில் கைபோட்டு நின்றுகொண்டிருந்தான். அவனும் கையைத் தூக்கினான். உரித்த இறால் உதட்டின் வலப்பக்கம் முறுக்கிக் காட்டினான், அப்புறம் விரலை நீட்டி வலது மூலையைக் காட்டினான். இடப்பக்கம் முறுக்கிக் காட்டினான், இடது மூலையைக் காட்டினான். அந்தப் பெண் தலையாட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சர்ர், சர்ர். அப்படியா சங்கதி? வலது நுனியை முறுக்கினால் வலப்பக்கம் அடிக்கிறேனா நான்? இல்லையே, நான் சும்மா, கை போன போக்கில். கை போன போக்கில்தான் காலும் போனதா? சரி, பதறாதே, ஷெர்லினைக் கூப்பிட்டு, மக்ளே, வலது பக்கம் முறுக்கிவிட்டு இடது பக்கம் அடி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சொன்னால் யூஜின் பார்ப்பான், நான் அவள் காதில் என்ன ஓதினேன் என்று அவனுக்குத் தெரியாதா, உடனே தன் பெண்ணுக்கு மாற்றிச் சொல்வான். அப்படியென்றால் மாற்றாமலே அடிக்கச் சொல்லலாம், அவன் மாற்றியிருப்பான், நாம் மாற்றவில்லை, கோல். ஆனால் நான் இப்படி யோசிப்பேன் என்று யோசிக்கிறவன் அல்லவா அவன், ஒரே அறையில் என் குறட்டையைக் கேட்டே மறுநாள் எத்தனை கோல் அடிப்பேன் என்று சொன்னவன், நான் எத்தனை சுற்று யோசித்து எங்கே களைத்து நிற்பேன் என்பதுகூட அவனுக்குத் தெரியும், சரியாக அங்கே வந்து நிற்பான். முறுக்கவே வேண்டாம் என்றால்? போன மாதம் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்களே என்று சொல்லிப் பார்த்தாயிற்று, கையை அடக்கினாள், கால் பின்னிக்கொண்டது, பந்தை விட்டுவிட்டுப் பூமியை உதைத்து உட்கார்ந்துவிட்டாள். எங்கே சுற்றினாலும் நாற்காலிக்குத்தான் வந்து சேர்கிறது. பந்து கொஞ்சம் நெருங்கி வந்திருக்கிறதோ? நீரோட்டம் மாறுகிறது. வராதே, இப்போது வராதே, கொஞ்சம் பொறு. இவ்வளவு நேரம் வா வா என்றேன், எப்போதாவது கேட்டாயா.

"இஞ்ச பாரும்!" புளோரா. அவள் சரியாக நடுக்கோட்டுக்கு நேராக நாற்காலி போட்டிருந்தாள், ஒரு கால் புருஷன் பக்கம், ஒரு கால் அண்ணன் பக்கம், மடியில் பழம்பொரிப் பொட்டலம். "என்னத்துக்கு முகம் இப்பிடிப் பேயறைஞ்ச மாதிரி? மீசை போனா போட்டும். வீட்டுல சோறு கிடக்கு."

பழம்பொரி. அந்த வாசனை காற்றில் வந்தது, ஏத்தன்வாழைப்பழமும் தேங்காயெண்ணெயும், அது வந்த வேகத்தில் ததேயுஸ் இதே மைதானத்தில், இதே கோல்கம்பத்துக்கு முன்னால், கிறிஸ்மஸ் லீவில், இருபத்தைந்து வயதில் போய் நின்றார். எனக்கு ஒரு பெனால்ட்டி போடு மாப்ள, என் தங்கச்சியத் தாறேன் என்று யூஜின் சொல்லியிருந்தான். சென்னையில் அந்த வருடம் முழுக்கப் பயிற்சி முடிந்ததும் அடித்துப் பார்த்தார், ஒன்றுகூடப் போகவில்லை, எங்கே அடித்தாலும் அவன் அங்கே இருந்தான், மாதாவே, நான் பிரம்மச்சாரியாகவே போய்ச் சேருவேன் என்று அழாத குறை. லீவுக்கு வந்தபோதும் விடவில்லை. கோலுக்குப் பின்னால் புளோரா நின்றாள், பச்சைத் தாவணி, கையில் இதே மாதிரி ஒரு பொட்டலம், அண்ணன் பார்க்காத நேரம் ஓடி வந்து சூடாக ஒன்றை இவர் கையில் திணித்துவிட்டுப் போனாள். இவர் உதைத்தார். பந்து உள்ளே. யூஜின் நின்ற இடத்தில் நட்டுவைத்த கல் மாதிரி நின்றான், பாயவே இல்லை. காதல் செய்த வேலை என்று இத்தனை வருடமும் எல்லோரிடமும் சொல்லி வந்தார், கல்யாண வீடுகளில் சொன்னார், ஞானஸ்நான வீடுகளில் சொன்னார், புளோரா ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். காதலா? வலது கையில் பழம்பொரி. விரலெல்லாம் எண்ணெய். எண்ணெய்க் கை மீசையில் படக் கூடாது என்று, ஆமாம், நன்றாக நினைவிருக்கிறது, கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் உதைத்தேன். முறுக்கவில்லை. அன்று ஒரு நாள்தான் முறுக்கவில்லை. யூஜினுக்கு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஐயோ, மீசையே, நீயா? கல்கத்தாவிலும் நீ, பெங்களூரிலும் நீ, முட்டி வலிக்கவே இல்லையே அன்றைக்கு, ஊர் ஊராகப் போய், மைதானம் மைதானமாக, இந்தா இந்தப் பக்கம்தான் வருகிறது என்று தண்டோரா போட்டது நீயா? காக்கை பாவம், அது ஏதோ தன் வழியில் போயிருக்கிறது. அந்த இனத்தையே எத்தனை வருடமாகக் கல்லெடுத்து விரட்டியிருக்கிறேன். அழுகை வரும் என்று நினைத்தார். வந்தது சிரிப்பு. வயிறு குலுங்கியது. ராசப்பன் தீட்டுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

சிரிக்க நேரமில்லை, பந்து வருகிறது. முறுக்காத பிள்ளை ஒருத்தி வேண்டும். ததேயுஸ் ஒவ்வொருத்தியாகப் பார்த்தார், பார்க்கப் பார்க்கத் திகிலாக இருந்தது. பந்துக்காகக் காத்து நின்ற அலுப்பில் எல்லாக் கையும் உதட்டுக்குத்தான் போகிறது. பேசிக்கொண்டே ஒருத்தி முறுக்குகிறாள். தண்ணீர் குடித்துவிட்டு ஒருத்தி முறுக்குகிறாள். கோல் காக்கிறவள்கூட உறையணிந்த கையால் முறுக்குகிறாள். ஒரு மீசையை நட்டேன், தோப்பே முளைத்திருக்கிறது. ஒருத்தி மட்டும் தரையில் குந்தி உட்கார்ந்து நண்டு வளைக்குள் விரலை விட்டுக்கொண்டிருந்தாள். கொரற்றி. பின்வரிசை ஆட்டக்காரி, வருகிற பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு உதைத்து அனுப்புவதோடு சரி. வலது பக்கம் ஓடு என்றால் இடது பக்கம் ஓடி எதிரே வருகிறவளின் நெற்றியில் முட்டுவாள், எத்தனை தடவை வைதிருப்பார், பிள்ளே, உனக்கு நான் சொல்லுகது ஒண்ணாவது மண்டையில ஏறுதா என்று. ஏறவில்லை. மாதாவே, ஸ்தோத்திரம், ஒன்றும் ஏறவில்லை!

"கொரற்றி!"

"நான் ஒண்ணும் செய்யல்ல மாமா."

"செய்யணும். பெனால்ட்டிய நீ அடி."

அவள் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். ஷெர்லின் ஓடி வந்தாள். "இவளா? மாமா, இவளுக்குச் சோத்துக்கை எதுன்னே தெரியாது."

"தெரியும், போ. இந்தக் கை." கொரற்றி இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

"அது பீச்சக்கைட்டி!"

"சண்டை வேண்டாம். ஷெர்லினு, மாமா சொன்னா கேப்பியா மாட்டியா? கொரற்றி, போய் அடி மக்ளே."

"எந்தப் பக்கம் மாமா?"

"உனக்கு எது இஷ்டமோ."

"அய்யோ," என்றாள் கொரற்றி, நிஜமான கவலையோடு. "நீங்களே சொல்லிரப்படாதா?"

பந்து வந்தது. கடைசி அலை அதை வள்ளங்களுக்கு நடுவே உருட்டிவிட்டுப் போனது, நடுவர் ஓடிப்போய் எடுத்தார், அவர் கை மூன்றாம் ஊர்க் கைதானே, இரண்டு ஊரும் பார்த்துக்கொண்டிருக்க, எந்த ஊர் முள்ளும் குத்தவில்லை என்று தட்டிக் காட்டி, பாசி ஒட்டியிருந்ததை வழித்தெறிந்துவிட்டு, கொண்டுபோய் வைத்தார். கொரற்றி அதன் முன்னால் போய் நின்றாள். எதிர்ப்பக்கம் யூஜின் முகத்தில் ஒரு குழப்பம், இவளை அவனுக்குத் தெரியாது, இவளைப் பற்றி அவன் ஒன்றும் ஓதவில்லை, ததேயுஸுக்கு அந்தக் குழப்பத்தைப் பார்க்கப் பார்க்க சர்பத் குடித்த மாதிரி இருந்தது. அடி மக்ளே, யோசிக்காதே, ஒன்றையும் யோசிக்காதே. அப்போது கொரற்றி திரும்பினாள். ஏன் திரும்புகிறாள்? இவரைப் பார்த்து ஒரு சிரிப்பு, இத்தனை நாள் வைதவர் இன்றைக்குத் தன்னை நம்பிவிட்டார் என்கிற சிரிப்பு. வலது கை மெல்ல மேலே எழுந்தது. வேண்டாம். உதட்டுக்குப் பக்கத்தில் வந்தது. வேண்டாம் வேண்டாம் பிள்ளே. இரண்டு விரலைக் குவித்து, வலப்பக்கம், காற்றில், அழகாக, நிதானமாக, இவர் வாழ்நாளில் முறுக்கியதை விட அழகாக, ஒரு முறுக்கு. யூஜினின் முகம் விளக்குப் போட்ட மாதிரி மலர்ந்தது. ராசப்பன் கத்தியை மடித்துக்கொண்டு எழுந்தான். ததேயுஸ் கண்ணை மூடவில்லை, மூட முடியவில்லை. மேலத்துறைப் பெண் வலது மூலைக்குப் பறந்தாள், என்ன பாய்ச்சல், மீன்கொத்தி மாதிரி. பந்து இடது மூலையில் போய் வலையில் தண்ணீரைச் சொட்டிக்கொண்டு நின்றது.

மணி அடித்தது, வேட்டுப் போட்டார்கள், யார் யாரைத் தூக்கினார்கள் என்று தெரியாது. கொரற்றி கூட்டத்துக்குள் புகுந்து வந்து இவர் முன்னால் நின்றாள், மூச்சு வாங்க. "மாமா, கண்டீங்களா? நீங்க செய்யத அப்படியே செஞ்சேன். மீசைய முறுக்கின பக்கந்தான அடிச்சேன்?"

ததேயுஸ் அவளைப் பார்த்தார், கோலைப் பார்த்தார். "அந்தப் பக்கந்தான் மக்ளே," என்றார். "சரியா அந்தப் பக்கந்தான்."

பிறகு யாரும் எதிர்பார்க்காததைச் செய்தார். நேராக நடந்துபோய் ராசப்பனின் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தை நீட்டினார். யூஜின் ஓடி வந்தான். "மாப்ள, கிறுக்குப் பிடிச்சிருக்கா? ஜெயிச்சது நீ!" "அது தெரியும். ராசப்பா, எடு. மிச்சம் வைக்காத." சோப்பு நுரை குளிர்ந்தது. சர்ர் என்றது. வலது நுனி, இடது நுனி, கல்கத்தா, பெங்களூர், எல்லாம் துண்டில் விழுந்தது. பிள்ளைகளாவது இந்த முறுக்கைப் பார்த்துப் படிக்காமல் இருக்கட்டும் என்று நினைத்தார், நினைத்தபோது மேலுதட்டில் கடற்காற்று பட்டது, முதல்முதலாக, கூசியது, சிரிப்பு வந்தது. புளோரா வந்து எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "கட்டிக்கிட்ட நாள் தொட்டு இப்பத்தான் மூஞ்சியப் பாக்கேன். முன்னயே கண்டிருந்தா பழம்பொரி தந்திருக்க மாட்டேன்." சொல்லிவிட்டு மடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். எண்ணெய்க் கையோடு அவர் உதட்டைத் துடைத்தார். எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ள அங்கே இனி ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை பயிற்சிக்கு வந்தார். விசில் ஊதுவதற்கு முன்னால் பழக்கத்தில் கை மேலே போனது, ஒன்றும் அகப்படாமல், உள்ளங்கையால் மேலுதட்டை ஒரு தடவு தடவிவிட்டு இறங்கியது. வரிசையாகப் பிள்ளைகள். ஷெர்லின் பந்துக்கு முன்னால் வந்தாள், இரண்டடி பின்வாங்கினாள், உள்ளங்கையால் மேலுதட்டை ஒரு தடவு தடவினாள், இடமிருந்து வலமாக, உதைத்தாள், வலது மூலை. அடுத்தவளும் தடவினாள். அதற்கடுத்தவளும். கொரற்றி மட்டும் நெற்றியைத் தடவினாள். மதிலுக்கு அப்பால், தோற்ற கடனுக்கு வளர்க்கத் தொடங்கிய மீசை எங்கேயாவது தட்டுப்படுகிறதா என்று சொறிந்தபடி, யூஜின் நின்று உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். திருவிழாவில் ஜெயித்தால் மீசையை மாதாவுக்குக் காணிக்கை தருவதாக நேர்ந்திருந்தேன் என்றுதான் ததேயுஸ் இன்றைக்கும் ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறார், சாமியாரே நம்பிவிட்டார். நான் சொன்னேன் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள், சாயாக்கடையில் எனக்கு அவர் பக்கத்து பெஞ்சு. ரொம்பவும் நெருக்கிக் கேட்டார்களென்றால், கல்கத்தாவிலிருந்து ஒரு காக்கை வந்து சொல்லிவிட்டுப் போனது என்று சொல்லிவிடுங்கள்.